டர்போ பெட்ரோல் காருக்கு எந்த சிந்தெட்டிக் ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

கேள்வி இது: சென்னையில் ஓடும் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். ஆபீஸுக்குப் போக 9, வர 9 என தினமும் 18 கிலோமீட்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரை போய் வருவது உண்டு. கம்பெனி கையேட்டில் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்று இருக்கிறது. மெக்கானிக் 5,000-லேயே மாற்றச் சொல்கிறார். ஆயில் கடைக்காரரோ ஃபுல்லி சிந்தெட்டிக் ஊற்றினால் 15,000 வரை கவலை இல்லை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கையேட்டில் எந்த கிரேடு (5டபிள்யூ-30 போன்ற எண்) போட்டிருக்கிறதோ அதே கிரேடில், ஏபிஐ எஸ்பி (டப்பாவில் API SP என்று இருக்கும் தரக் குறியீடு) அல்லது அதற்குப் பிந்தைய தரமுள்ள சிந்தெட்டிக் ஆயில். உங்கள் ஓட்டத்துக்கு 7,000 கி.மீ. அல்லது 10 மாதம், இதில் எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். 15,000 என்ற பேச்சை அடியோடு விட்டுவிடுங்கள். மெக்கானிக், கையேடு இரண்டுமே தப்பில்லை. இரண்டும் வெவ்வேறு ஓட்டத்தை மனதில் வைத்துச் சொல்பவை. 7,000 எப்படி வந்தது என்பதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன். நாளைக்கு ஆபீஸ் மாறினால் அந்த எண்ணும் மாறும்.

முதலில் ‘சிந்தெட்டிக்’ என்ற சொல். எஞ்சின் ஆயிலின் அடிப்படை எண்ணெயை அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட், அதாவது ஏபிஐ, ஐந்து குரூப்பாகப் பிரிக்கிறது. முதல் இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தவை. நாம் மினரல் ஆயில் என்று சொல்வது இவற்றைத்தான். மூன்றாவது குரூப்பும் கச்சாவிலிருந்து வருவதே. ஆனால் அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி மூலக்கூறுகளையே உடைத்து மாற்றி அமைத்திருப்பார்கள். நான்காவது குரூப், பாலி ஆல்ஃபா ஒலிஃபின் என்ற முழுச் செயற்கை எண்ணெய். எஸ்டர் போன்ற மீதி எல்லாம் ஐந்தாவது. மூன்றாம் குரூப்பை சிந்தெட்டிக் என்று விற்கலாமா என்று மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் அமெரிக்காவில் தகராறு வந்தது. விளம்பரப் புகார்களை விசாரிக்கும் அமைப்பு 1999-ல் அப்படி விற்பதற்குத் தடையில்லை என்று முடிவு சொன்னது. அதன்பின் பல நாடுகளில் கடைகளில் கிடைக்கும் ‘ஃபுல்லி சிந்தெட்டிக்’ பெரும்பாலும் மூன்றாம் குரூப்தான். அதனால் அது மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். இன்றைய தரச் சோதனைகளை அது நன்றாகவே தாண்டுகிறது. டப்பாவின் முகப்பில் இருக்கும் அந்த ஒரு சொல்லை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ‘செமி சிந்தெட்டிக்’ என்பதில் எத்தனை சதவீதம் சிந்தெட்டிக் இருக்க வேண்டும் என்று ஏபிஐ விதி எதுவும் கிடையாது.

சிந்தெட்டிக் உண்மையில் தருவது மூன்று நன்மைகள். சூட்டில் குறைவாக ஆவியாகும், அதனால் ஆயில் குறைவதும் குறையும். காற்றோடு வினைபுரிந்து கெட்டியாகிப் பிசுக்காவது தாமதமாகும். டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி, அதன் ஷாஃப்டின் பேரிங்கில் சுடச்சுட நிற்கும் ஆயிலுக்கு இது மிக முக்கியம். மூன்றாவது, சூட்டிலும் குளிரிலும் பதம், அதாவது கெட்டித்தன்மை, அதிகம் மாறாது என்பதால் பதத்தைத் தாங்கிப் பிடிக்கச் சேர்க்கும் பாலிமர் குறைவாகப் போதும். அந்த பாலிமர்தான் நாளாக ஆக நசுங்கி, ஆயிலைத் தண்ணீராக்குவது.

ஆனால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் பெட்ரோலையோ, ஈரத்தையோ, கரியையோ, காற்று ஃபில்டரைத் தப்பி வரும் தூசியையோ சிந்தெட்டிக் தடுக்காது. அமிலத்தை முறிக்கும் சேர்மானமும், தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மானமும் வேலை செய்யச் செய்யத் தீர்ந்துகொண்டே வரும். அடிப்படை எண்ணெய் கெடாமல் இருந்தாலும் அதற்குள் இருக்கும் மருந்து தீர்ந்துபோயிருக்கும். கடைக்காரரின் 15,000 இங்கேதான் உடைகிறது.

அடுத்து கிரேடு. 5டபிள்யூ-30 என்றால், முன்னால் இருக்கும் 5டபிள்யூ குளிர்ச் சோதனை: மைனஸ் 30 டிகிரியில் எஞ்சினைச் சுற்ற விடுகிற அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் 30 சூட்டுச் சோதனை: 100 டிகிரியில் பதம் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பதத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 40 என்றால் 12.5 முதல் 16.3. 20 என்றால் 6.9 முதல் 9.3. இதோடு 150 டிகிரியில் வேகமாக நசுக்கிப் பார்க்கும் ஒரு சோதனையும் உண்டு. அதில் (அலகு இங்கே சென்டிபாய்ஸ்) 20 கிரேடுக்குக் குறைந்தது 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5. பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலத்தின் பலத்தைச் சொல்லும் எண் இது.

‘நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 கெட்டி ஆயில்தான் சரி’ என்ற பேச்சை அடிக்கடி கேட்கலாம். வெளியே 25 டிகிரி இருந்தாலும் 40 இருந்தாலும், தெர்மோஸ்டாட் எஞ்சின் தண்ணீரை ஏறக்குறைய 90 டிகிரியிலேயே பிடித்து வைக்கிறது. ஆயிலும் அதையொட்டி 90, 110 என்றுதான் நிற்கும். காலையில் வண்டியை எடுக்கும் அந்தச் சில விநாடிகளைப் பாருங்கள். 40 டிகிரியில் ஒரு 5டபிள்யூ-30 சுமார் 60, 65 சென்டிஸ்டோக்ஸ். 20டபிள்யூ-50 சுமார் 160. இரண்டரை மடங்கு கெட்டி. டர்போவுக்கும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கும் அது ஏறிப் போய்ச் சேர நேரம் பிடிக்கும், தேய்மானம் நடப்பதும் அந்த நேரத்தில்தான். மேலும் இன்றைய எஞ்சினில் வால்வு டைமிங்கை மாற்றும் பாகமே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் அது மந்தமாகி, செக் எஞ்சின் விளக்கு எரிவதும் உண்டு. கையேட்டிலேயே இரண்டு கிரேடு கொடுத்திருந்தால் மட்டும், அடிக்கடி முழுச் சுமையோடு ஹைவேயில் விரட்டுபவர் இரண்டில் கெட்டியானதை எடுக்கலாம். கையேட்டில் இல்லாத கிரேடுக்குப் போக வேண்டாம்.

டர்போ வண்டிக்கு கிரேடைவிட நான் அழுத்திச் சொல்வது தரக் குறியீட்டை. நேரடியாக சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில் ஒரு கோளாறு உண்டு. 1,500 ஆர்பிஎம்மில் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மேம்பாலம் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். பிஸ்டன் ஓரத்தில் தங்கிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த ஒரு துளி, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பற்றிக்கொள்கிறது. மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டன்மேல் சம்மட்டி அடித்தது போல அழுத்தம் விழுகிறது. ஒரே ஒரு அடியில்கூட பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள மேடு உடைந்துவிடலாம். ஆயிலில் கசடு நீக்கச் சேர்க்கும் கால்சியம் சேர்மானம் அதிகமாக இருந்தால் இது கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். கால்சியத்தைக் குறைத்து, ஒரு பகுதிக்கு மக்னீசியம் சேர்த்து ஆயிலை மாற்றி அமைத்தார்கள். இதற்காகவே 2018-ல் எஸ்என் பிளஸ் தரம் வந்தது. 2020-ல் வந்த எஸ்பி, அதோடு டைமிங் செயின் தேய்மானச் சோதனையையும் சேர்த்தது. 2025-ல் எஸ்க்யூ வந்திருக்கிறது. வெறும் எஸ்என் அல்லது எஸ்எம் என்று போட்ட பழைய சரக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் டர்போவுக்கு வேண்டாம். நல்ல ஆயில் ஊற்றிவிட்டோம் என்று அதே கியரில் வண்டியை இழுக்க வைக்கவும் வேண்டாம். ஒரு கியர் குறைத்துவிட்டு அழுத்துங்கள்.

ஐரோப்பியக் கம்பெனி கார் என்றால் கையேட்டில் அந்தக் கம்பெனிக்கே உரிய அங்கீகார எண் ஒன்று இருக்கும். டப்பாவின் பின்பக்கத்தில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்பதற்கும் ‘தேவைகளைப் பூர்த்தி செய்கிறது’ என்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவது, கார் கம்பெனி சோதித்துக் கொடுத்த சான்று. இரண்டாவது, ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. வாரண்டி இருக்கும் வரை முதலாவதுதான் வேண்டும். கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற புகை ஃபில்டர் உள்ள பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிப்படியான) டீசல் காருக்குக் கையேட்டில் ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் கம்பெனிகளின் சங்கம்) தரமான சி2, சி3 என்று போட்டிருப்பார்கள். இவை சாம்பல் குறைந்த ஆயில்கள். கரி எரிந்து போய்விடும், ஆயில் சாம்பல் எரியாது. டிபிஎஃப் துளைகளில் அடைத்துக்கொண்டு நிரந்தரமாகத் தங்கிவிடும். மாற்ற வேண்டி வந்தால் செலவு ஆயிரக்கணக்கில் நிற்காது.

இப்போது எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு.

ஆயில் கெடுவது சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதால் அல்ல, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதால். அதுவும் எப்படி ஓடியது என்பதால். ஆனால் ஓடோமீட்டர் காட்டுவது கிலோமீட்டர்தான். கிண்டி சிக்னலில் இரண்டு நிமிடம் நிற்கும்போது ஓடோமீட்டர் நகராது, எஞ்சினும் ஆயிலும் வேலை செய்துகொண்டே இருக்கும். 10,000 கி.மீட்டரை மணிக்கு 40 கி.மீ. சராசரியில் ஓட்டினால் 250 மணி நேரம். அதே 10,000-ஐ 16 கி.மீ. சராசரியில் ஓட்டினால் 625 மணி நேரம். ஒரே எண், ஆயில் உழைத்த நேரம் மட்டும் இரண்டரை மடங்கு. நல்ல சிந்தெட்டிக் ஆயிலுக்கு 300 மணி நேரத்தை எல்லையாக வைப்பது என் கணிப்பு. கம்பெனி விதி அல்ல இது. ஆனால் இதை வைத்துப் பார்த்தால் மெக்கானிக்கின் 5,000, கையேட்டின் 10,000 இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று புரியும்: ஊருக்குள்ளேயே 16, 17 கி.மீ. சராசரியில் நகரும் வண்டிக்கு 300 மணி என்பது 5,000 கி.மீ.; ஊரும் ஹைவேயுமாகக் கலந்து 35 கி.மீ. சராசரியில் ஓடும் வண்டிக்கு அதே 300 மணி 10,500 கி.மீ.

உங்கள் கணக்கைப் போடுவோம். தினம் 18 கி.மீ., மாதம் 22 நாள், ஏறக்குறைய 400 கி.மீ. ஆபீஸ் நேர நெரிசலில் சராசரி 16 என்று வைத்தால் 25 மணி நேரம். மதுரை போக வர சுமார் 920 கி.மீ.; மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதால் மாதக் கணக்கில் 300 கி.மீ., 5 மணி நேரம். ஆக மாதம் 700 கி.மீ., 30 மணி. 300 மணிக்கு 10 மாதம், 7,000 கி.மீ. உங்கள் டிஸ்பிளேயில் சராசரி வேகம் காட்டும் இடம் இருக்கும். ஆயில் மாற்றிய அன்று அதைப் பூஜ்யமாக்கிவிட்டு, மதுரைப் பயணமும் சேரும்படி மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். அந்த எண்ணை 300-ஆல் பெருக்கினால் உங்கள் கிலோமீட்டர் கிடைக்கும். கையேட்டின் எல்லையைவிடக் கூடுதலாக வந்தால் கையேடுதான் எல்லை, அதைத் தாண்டக் கூடாது. குறைவாக வந்தால் முன்கூட்டியே மாற்றுங்கள்; முன்கூட்டி மாற்றுவதால் வாரண்டிக்குப் பாதகமில்லை. பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

கையேட்டையே இன்னும் சில பக்கம் புரட்டினால் ‘கடினமான பயன்பாடு’ என்று தனி அட்டவணை இருக்கும். குறுகிய தூரப் பயணம், நெரிசலில் நின்று நின்று போவது, நீண்ட நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது, தூசி நிறைந்த சாலை, அதிகச் சுமை. நம் நகரங்களில் இதில் ஒன்றிலாவது மாட்டாத கார் அபூர்வம். சர்வீஸ் சென்டரில் பேசப்படுவது பெரும்பாலும் முதல் அட்டவணை மட்டும்தான்.

மெக்கானிக்கின் 5,000-க்கு இன்னொரு வேரும் உண்டு. முன்பு பெட்ரோலில் கந்தகம் அதிகம். எரியும்போது அது அமிலமாகி ஆயிலில் இறங்கும். பிஎஸ்3 பெட்ரோலில் 10 லட்சத்தில் 150 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். பிஎஸ்4-ல் அது 50 ஆனது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பிஎஸ்6-ல் 10. மினரல் ஆயிலும் கார்புரேட்டரும் இருந்த காலத்தில் 5,000 என்பது நியாயமான எச்சரிக்கை. இன்று ஹைவே வண்டிக்கு அது வீண் செலவு.

மாதத்துக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். எந்தக் கணக்கையும்விட அது நேராகப் பேசும். காலையில், சமதரையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கம்பியை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுங்கள். மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் நடுவே பல கார்களில் 1 லிட்டரோ அதற்குச் சற்றுக் குறைவோதான். ஆயில் குறைந்தால் எல்லோரும் கவலைப்படுவார்கள். ஏறினாலும் கவலைப்பட வேண்டும். சொல்லப்போனால் அதற்குத்தான் அதிகம். மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, விரலில் தேய்த்தால் வழுவழுப்பு இல்லாமல் தண்ணீராக ஓடுகிறதா? எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் ஓட்டத்தில் இது நடக்கும். டிபிஎஃப் உள்ள டீசல் காரில், கரியை எரிக்கக் கூடுதலாகப் பீச்சும் டீசல், பாதியில் வண்டியை அணைத்தால் ஆயிலில் இறங்கும். மேல் குறியைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளையாக மோர் போல ஒட்டியிருந்தால் அது ஈரம். ஒரு நீண்ட ஓட்டத்தில் காய்ந்துவிடும். டிப்ஸ்டிக்கிலும் மோர் போலத் தெரிந்து, கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், வண்டியை ஓட்டாதீர்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கசடைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. டீசலில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி நிறுத்துங்கள். கொதிக்கும் ஆயிலை இறக்கினால் கை வெந்துவிடும். வீட்டில் செய்வதானால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் வையுங்கள். டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வடியவிடுங்கள். அந்த போல்ட்டின் வாஷர் நசுங்கி அடைக்கும் வகை. சில ரூபாய்தான், ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். அலுமினிய சம்பில் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) ஸ்பானரை இழுத்து முறுக்கினால் மரை போய்விடும். கையேட்டில் சொன்ன நியூட்டன் மீட்டர் அளவோடு நிறுத்துங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்ததா என்று பாருங்கள். சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புதிய ஃபில்டரை முறுக்கினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும், ஓடும் வழியில் ஒன்று பிதுங்கி ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். புதிய வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவுங்கள். வளையம் பட்டதும் கையால் முக்கால் சுற்று போதும். ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றியே தீர வேண்டும்.

கொள்ளளவு 3.6 லிட்டர் என்றால் முதலில் 3.2 ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒரு நிமிடம் விடுங்கள். டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர வேண்டும். ஆயில் விளக்கு அணைந்ததா, போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு இல்லையா பார்த்து அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். ‘இருக்கட்டும், இன்னும் கொஞ்சம்’ என்று மேல் குறிக்கு மேலே ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும்; நுரை பேரிங்கைக் காக்காது.

சிந்தெட்டிக்குக்கு மாறினால் கசியும், பிறகு மினரலுக்குத் திரும்ப முடியாது என்ற பயம் வேண்டாம். இன்றைய ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன சீலை அடைத்திருந்த பிசுக்கு கரைந்தால் பழைய கசிவு வெளியே தெரியலாம், அவ்வளவுதான். தனியாக பாட்டிலில் விற்கும் ஆயில் சேர்மானங்களும் தேவையில்லை. அளந்து சேர்த்த மருந்தின்மேல் அளக்காத மருந்தைக் கொட்டுவது அது.

பைக்குக்கு இந்தக் கார் ஆயிலில் மிச்சத்தை ஊற்றாதீர்கள். கியர் பைக்கில் கிளட்ச் பிளேட் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும். மைலேஜுக்காகக் கார் ஆயிலில் சேர்க்கும் வழுக்கல் சேர்மானம் பிளேட்டைப் பிடிக்கவிடாது. ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. பைக்குக்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தரத்தில் எம்ஏ அல்லது எம்ஏ2, கியரில்லா ஸ்கூட்டருக்கு ஜாசோ எம்பி. பைக்கில் கியர்ப் பற்களும் அதே ஆயிலை நசுக்குவதால் சிந்தெட்டிக்காக இருந்தாலும் கையேட்டின் எல்லையை நீட்டிக்காதீர்கள்.

கடைசியாக, போலி ஆயில். எஸ்பி, சி3 என்று இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தும் டப்பாவுக்குள் வேறு ஏதோ இருந்தால் எல்லாம் வீண். அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, உள்ளே ஃபாயில் சீல் இருக்கிறதா, பேட்ச் எண்ணும் தேதியும் அழிக்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். க்யூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். ஒர்க்‌ஷாப்பில் டிரம்மிலிருந்து ஊற்றும் லூஸ் ஆயிலுக்குச் சம்மதிக்காமல், டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவை அங்கேயே விட்டு வராதீர்கள். அசல் டப்பாவுக்குப் போலிக்காரர்களிடம் விலை உண்டு. ஸ்குரூ டிரைவரால் இரண்டு ஓட்டை போட்டு, மூடியைத் தனியாக எறிந்துவிடுங்கள். வடித்த பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலை முறையாகச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மாற்றிய தேதி, கிலோமீட்டர், கிரேடு மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டின் உட்புறம் ஒட்டிவிட்டால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியதில்லை.